முட்பற்றையை விட்டு வெளியேறிய முயல்: ஒரு கேளிக்கைச் சவாரியின் மறைவும் அது எழுப்பிய விவாதமும்

கேளிக்கைப் பூங்காவொன்றில் சிறுவர்களும் பெரியவர்களும் ஏறி மகிழும் சவாரியொன்றை அகற்றுவதா, வைத்திருப்பதா என்ற வினா ஒரு பத்திரிகையின் கருத்துப் பக்கத்துக்குரிய விடயம்தானா என வாசகர்கள் சிலர் வினவக்கூடும். ஆனால், அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை முற்றாக ஓயாத இந்த விவாதத்தில் அடிமை முறையின் வரலாறு, நாட்டார் கதைகளின் உரிமை, பெரு நிறுவனங்களின் இலாபக் கணக்கு, மனிதரின் இளமைக்கால நினைவு ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆதலால் இது விளையாட்டு விடயமல்ல.

2023ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி. புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டின் 'மஜிக் கிங்டம்' பூங்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற நீர்ச்சவாரி இயங்கிய இறுதி நாள் அது. அன்று அதில் ஒரு தடவை ஏறுவதற்காக மக்கள் பல மணி நேரம் வரிசையில் காத்து நின்றனர். சிலர் சவாரியின் கால்வாயில் ஓடிய நீரைப் போத்தல்களில் அள்ளிச் சென்றனர். அந்நீர் பின்னர் இணையத்தளங்களில் விலைபேசி விற்கப்பட்டது. புனித தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுவருவதை நாம் அறிவோம். இயந்திரம் இறைத்த குளோரின் நீருக்கும் அந்த மதிப்பு கிடைத்ததென்றால், அதன்மீது மக்கள் கொண்டிருந்த பற்று எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சவாரி எத்தகையது என்பதைப் பார்ப்போம். மரக்குற்றியைக் குடைந்தெடுத்தது போன்ற படகொன்றில் பயணிகள் அமர்கின்றனர். நீரோடும் கால்வாய் வழியே படகு மெல்ல மிதந்து, செயற்கையாக அமைக்கப்பட்ட மலையொன்றினுள் நுழைகின்றது. உள்ளே ஆடிப் பாடும் முயல், நரி, கரடி, வாத்து, தவளை முதலிய இயந்திரப் பொம்மைகள் ஒரு கதையை நடித்துக் காட்டுகின்றன. இறுதியில் படகு உச்சிக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து சுமார் 50 அடி ஆழத்துக்குச் சடுதியாகச் சரிந்து விழுகின்றது. ஏறியவர்கள் நனைகின்றனர், அலறுகின்றனர், பின்னர் சிரிக்கின்றனர். மரக்குற்றிப் படகுச் சவாரி பல நாடுகளின் பூங்காக்களில் உண்டு. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேலாகக் கதை சொல்லி, அந்தக் கதையின் உச்சக்கட்டமாகவே வீழ்ச்சியை அமைத்திருந்தமைதான் இதன் சிறப்பு.

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17ஆம் திகதி திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட் பூங்காவின் முப்பத்து நான்காவது ஆண்டு நிறைவு நாளன்று, அதாவது 1989 ஜூலை 17ஆம் திகதி, இச்சவாரி முதன்முதலாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் 1992 ஒக்டோபரில் டோக்கியோவிலும் புளோரிடாவிலும் இதே சவாரி அமைக்கப்பட்டது. இதனை உருவாக்கியவர் டிஸ்னி நிறுவனத்தின் புகழ்பெற்ற வடிவமைப்பாளரான டொனி பக்ஸ்டர். 1983ஆம் ஆண்டு வேலைக்குச் செல்லும் வழியில் வாகன நெரிசலில் அகப்பட்டிருந்தபோது இந்த யோசனை அவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகின்றது. அவரிடம் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்கள் பல இருந்தன. பூங்காவுக்கு ஒரு நீர்ச்சவாரி தேவைப்பட்டது. ஆள் நடமாட்டம் குறைந்திருந்த ஒரு மூலைக்கு மக்களை ஈர்க்க வேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த 'அமெரிக்கா பாடுகின்றது' என்ற இசைக்காட்சி பார்வையாளரை இழந்து மூடப்படும் நிலையில் இருந்தமையால், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட விலங்குப் பொம்மைகளுக்கும் ஒரு புகலிடம் தேட வேண்டியிருந்தது. அக்காட்சி 1988இல் மூடப்பட்டது. அதன் பொம்மைகளுள் பெரும்பாலானவை புதிய மலைக்குள் குடியேறின. 'ஸ்பிளாஷ் மவுண்டனை மாற்றாதீர்' எனப் பிற்காலத்தில் குரலெழுப்பியவர்களுள் எத்தனை பேர், அவர்கள் நேசித்த அந்த வாத்துகளும் தவளைகளும் வேறொரு காட்சியின் மறைவினால் அங்கு வந்து சேர்ந்தவை என்பதை அறிந்திருந்தார்களோ தெரியவில்லை.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பக்ஸ்டர் சூட்ட எண்ணிய பெயர் வேறு. அக்காலத்தில் நிறுவனத்தின் தலைவராயிருந்த மைக்கேல் ஐஸ்னர், 1984இல் வெளியான 'ஸ்பிளாஷ்' என்ற கடற்கன்னித் திரைப்படத்துக்கும் ஒரு விளம்பரமாக அமையட்டும் என்று இப்பெயரை விரும்பினார். அந்தத் திரைப்படத்துக்கும் சவாரியின் கதைக்கும் எதுவித தொடர்பும் கிடையாது.

சவாரி சொன்ன கதை எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கின்றது. 1946 நவம்பர் 12ஆம் திகதி அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'தெற்கின் பாடல்' என்ற டிஸ்னி திரைப்படமே அதன் மூலம். உள்நாட்டு யுத்தத்துக்குப் பிந்திய ஜோர்ஜியா மாநிலத்தின் தோட்டமொன்றில் வாழும் ரீமஸ் மாமா என்ற வயோதிபக் கறுப்பினத்தவர், வெள்ளையினச் சிறுவனொருவனுக்கு முயலண்ணனின் கதைகளைச் சொல்வதாக அப்படம் அமைந்திருந்தது. நடிகர்களையும் சித்திரப் பாத்திரங்களையும் ஒரே காட்சியில் இணைத்த அதன் தொழில்நுட்பம் அன்று பாராட்டப்பட்டது. அதன் பிரதான பாடலுக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

எனினும், படம் வெளியான நாளிலிருந்தே எதிர்ப்பும் எழுந்தது என்பதை இங்கு வலியுறுத்திக் கூற வேண்டும். இப்போதைய தலைமுறையின் அளவுமீறிய உணர்ச்சிவசத்தால் கண்டுபிடிக்கப்பட்ட குற்றம் இது என வாதிடுவோர் பலர் உளர். அது உண்மைக்குப் புறம்பானது. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடிய தேசிய சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் செயலாளர் வோல்டர் வைட் 1946ஆம் ஆண்டிலேயே, படத்தின் கலைநயத்தை ஏற்றுக்கொண்ட அதேவேளை, எசமானுக்கும் அடிமைக்கும் இடையே இனிமையான உறவு நிலவியது என்ற திரிபான தோற்றத்தை அது நிலைநிறுத்துகின்றது எனக் கண்டித்தார். நியூயோர்க்கில் திரையரங்கின் முன்னால் மறியலும் நடைபெற்றது. இவற்றையெல்லாம்விட நெஞ்சைத் தைப்பது இன்னொரு நிகழ்வு. ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பஸ்கெட், நிறப்பிரிவினைச் சட்டங்கள் ஆட்சி செய்த அட்லாண்டாவில் நடைபெற்ற தமது சொந்தப் படத்தின் வெளியீட்டு விழாவில் கலந்துகொள்ள முடியவில்லை. 1948இல் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

டிஸ்னி நிறுவனம் இப்படத்தைப் பல தடவைகள் மீண்டும் திரையிட்டது. 1986இல் திரையரங்குகளில் காட்டப்பட்டதே அமெரிக்காவில் இறுதித் தடவை. அதன் பின்னர் அந்நாட்டில் வீடியோ நாடாவாகவோ இறுவட்டாகவோ அது ஒருபோதும் வெளியிடப்படவில்லை. நிறுவனத்தின் இணையவழித் திரைப்படச் சேவையிலும் அதற்கு இடமில்லை. தானே வெளியில் காட்டத் துணியாத ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டு மூன்று பூங்காக்களில் பெரும் சவாரிகளை நடத்திக்கொண்டிருந்தது என்பதுதான் நிறுவனத்தின் விசித்திரமான நிலை. சவாரியில் ரீமஸ் மாமா சேர்க்கப்படவில்லை. புளோரிடாவில் அவருக்குப் பதிலாகத் தவளையொன்று கதை சொன்னது. கதையின் பிரசித்திபெற்ற தார்ப்பொம்மையும் அகற்றப்பட்டு, தேனடை புகுத்தப்பட்டது. இதனால், 1989இற்குப் பின்னர் பிறந்து வளர்ந்த மூன்று தசாப்தகாலப் பார்வையாளருள் பெரும்பாலானோர் அந்தத் திரைப்படத்தைக் கண்டதேயில்லை. அவர்களுக்கு முயலண்ணன் அந்த மலைக்குள் பிறந்தவன்; அவ்வளவுதான்.

ஆனால் முயலண்ணனின் வயது அதைவிட மிக மிக அதிகம். இந்த விவாதத்தில் குறைவாகவே பேசப்பட்ட பகுதி இதுவாகும். எமது வாசகர்களுக்கு அதிகம் சுவை தரக்கூடியதும் இதுவே.

கதைகளை நூலாக்கியவர் ஜோயல் சான்ட்லர் ஹரிஸ் என்ற வெள்ளையினப் பத்திரிகையாளர். சிறுவனாயிருந்த காலத்தில், ஜோர்ஜியாவிலுள்ள தோட்டமொன்றில் வெளியிடப்பட்ட பத்திரிகையில் அச்சுத்தொழில் பயில்பவராக அவர் பணிபுரிந்தார். மாலை வேளைகளில் அடிமைகளின் குடிசைகளில் அமர்ந்து கேட்ட கதைகளையே பின்னர் 'அட்லாண்டா கொன்ஸ்டிடியூஷன்' பத்திரிகையில் எழுதினார். 1880இல் அவை நூலாக வெளிவந்தன. வலிமையற்ற முயல் தன் புத்தியால் நரியையும் கரடியையும் ஏய்ப்பதே அக்கதைகளின் சாரம். தாரினால் செய்த பொம்மையை நரியண்ணன் வழியில் இருத்தி வைக்கின்றது. வணக்கம் சொல்லியும் பதில் பேசாத பொம்மைமீது சினங்கொண்ட முயல் அதனை அடித்து, கையும் காலும் ஒட்டிக்கொள்ள அகப்படுகின்றது. 'என்னைச் சுட்டுத் தின், தூக்கிலிடு, ஆனால் அந்த முட்பற்றைக்குள் மட்டும் எறிந்துவிடாதே' என்று மன்றாடுகின்றது. மிகக் கொடிய தண்டனை அதுவே என நம்பிய நரி முயலை முட்பற்றைக்குள் எறிகின்றது. முயலோ அங்கேயே பிறந்து வளர்ந்தது; முள்ளுக்குள்ளிருந்து சிரித்தபடி ஓடிவிடுகின்றது. சவாரியின் 50 அடி வீழ்ச்சி முட்பற்றைக்குள் எறியப்படும் அந்தக் கணந்தான்.

சவுக்குக்கும் சங்கிலிக்கும் நடுவே வாழ்ந்த மக்கள் இக்கதையை ஏன் சொன்னார்கள் என்பதை ஊகிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எசமானின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முயலின் வாயால் சொன்னார்கள். இக்கதைகளின் வேர்கள் ஆபிரிக்காவில் உள்ளன. கானாவின் அக்கான் மக்கள் மத்தியில் அனன்சி என்ற சிலந்தி, பிசின் பொம்மையில் ஒட்டிக்கொண்ட கதை உண்டு. செனகல் நாட்டின் வொலொஃப் மக்களிடையே லெயுக் என்ற தந்திர முயல் பிரசித்தம். அந்நாட்டின் முதலாவது ஜனாதிபதியான செங்கோர், அப்துல்லாயே சாஜி என்பவருடன் இணைந்து அம்முயலின் கதையை 1953இல் பாடசாலை நூலாகவே வெளியிட்டார். வொலொஃப் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அமெரிக்காவுக்குக் கடத்திச் செல்லப்பட்ட மேற்கு ஆபிரிக்கர்களுள் முஸ்லிம்கள் கணிசமானோர் இருந்தனர். ஜோர்ஜியாவின் சபெலோ தீவில் அடிமையாயிருந்த பிலாலி முஹம்மத் என்பவர் அரபு எழுத்தில் எழுதிய, மாலிகி மத்ஹபின் சட்டநூலொன்றைத் தழுவிய கையேடு இன்றும் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. ஹரிஸ் 1896இல் எழுதிய இன்னொரு நூலின் நாயகன் பென் அலி என்பவரின் மகன் என்பதும் கவனத்துக்குரியது.

தார்ப்பொம்மைக்கு எமது பக்கத்திலும் ஓர் உறவினன் உண்டு. பாளி மொழியிலுள்ள ஜாதகக் கதைகளுள் ஐந்து ஆயுதங்களையுடைய இளவரசனின் கதையில், ஒட்டும் உரோமத்தையுடைய யக்கனொருவனைத் தாக்கிய இளவரசனின் அம்பும் வாளும் வேலும் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் கைகள், கால்கள், இறுதியில் தலையும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையிலான ஒற்றுமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜோசப் ஜேக்கப்ஸ் போன்ற நாட்டார் கதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா, தனித்தனியே தோன்றினவா என்பது அறிஞர்களின் நெடுநாள் வாதம். அது நிற்க.

ஹரிஸ் செய்தது பாதுகாப்பா, பறிப்பா? இரண்டு வாதங்களும் உள்ளன. ஹரிஸ் பிறந்த அதே ஈட்டன்டன் ஊரில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் எலிஸ் வோக்கர், தமது மரபுச் செல்வத்தின் பெரும்பகுதியை ஹரிஸ் தம்மிடமிருந்து களவாடிவிட்டார் என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதினார். எசமானை நேசிக்கும் கிழவரின் வாயில் அக்கதைகள் வைக்கப்பட்டதன் பின்னர், அவற்றை வெட்கமின்றிச் சொல்லக் கறுப்பினப் பிள்ளைகளால் முடியவில்லை என்பதே அவரது ஆதங்கம். மறுபுறம், கறுப்பின எழுத்தாளரான ஜூலியஸ் லெஸ்டர் 1987இல் அக்கதைகளை ஹரிஸின் சட்டகத்திலிருந்து விடுவித்துத் தமது நடையில் மீளச் சொன்னார். வோக்கர் கைவிட்ட இடத்தில் லெஸ்டர் மீட்டெடுத்தார் எனலாம். இவ்விருவருள் எவரையும் பிழையென்று கூற எமக்கு மனம் வரவில்லை.

இப்பின்னணியில்தான் 2020ஆம் ஆண்டு வருகின்றது. அவ்வருடம் மே 25ஆம் திகதி மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரால் கொல்லப்பட்டார். அமெரிக்கா முழுவதும் கொந்தளித்தது. தென்மாநிலங்களில் சிலைகள் அகற்றப்பட்டன. ஜூன் மாதத்தில், ஸ்பிளாஷ் மவுண்டனை மாற்றியமைக்குமாறு கோரும் மனுவொன்றில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டனர். மாற்றக் கூடாதெனக் கோரும் எதிர் மனுக்களும் கிளம்பின. அவற்றிலும் பல்லாயிரம் கையொப்பங்கள் சேர்ந்தன. ஜூன் 25ஆம் திகதி நிறுவனம் தன் முடிவை அறிவித்தது. 2009இல் வெளியான 'இளவரசியும் தவளையும்' என்ற சித்திரப்படத்தின் நாயகி டியானாவின் கதையாக அச்சவாரி மாற்றப்படும் என்பதே அம்முடிவு. 1920களின் நியூ ஒர்லியன்ஸ் நகரில் உணவகமொன்றைத் திறக்கக் கனவுகாணும் டியானா, டிஸ்னியின் முதலாவது கறுப்பின இளவரசியாவார். அவளது பாத்திரத்துக்கு அந்நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் லியா சேஸ் உந்துதலாக அமைந்தார். மாற்றத்துக்கான பணி முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட்டதாகவும் நிறுவனம் கூறியது. இதனை நம்பியவர்களும் உளர், நம்பாதவர்களும் உளர்.

விவாதத்தை 'நிறவெறியருக்கும் நல்லவருக்கும் இடையிலான சண்டை' எனச் சுருக்கிவிடுவது இலகு. எதிர்த்தோர் சிலரின் எழுத்துகளில் அப்பட்டமான நிறவெறி இருந்தது உண்மையே. ஆனால் எல்லோரும் அத்தகையோரல்லர். கறுப்பின ரசிகர்கள் மத்தியிலும் ஒரே குரல் இருக்கவில்லை. சிலர், 'எங்கள் பிள்ளைகள் தங்களைப் போன்ற முகத்தை அந்த மலைமேல் காணட்டும்; பாட்டன்மாரை இழிவுபடுத்திய படத்தின் பாடலுக்கு இனியும் கைதட்ட வேண்டியதில்லை' என்றனர். இந்த வாதத்துக்கு எவராலும் இலகுவில் பதில் கூற முடியாது. வேறு சிலரோ, முதலாவது கறுப்பின இளவரசிக்குப் புதிய சவாரியொன்றைக் கட்டிக்கொடுக்காமல் பழைய வீட்டைப் பூச்சுப் பூசிக் கொடுப்பது என்ன மரியாதை என்று கேட்டனர். இதுவும் நியாயமான கேள்வியே. வெள்ளையின இளவரசிகள் பலருக்குத் தனிக் கோட்டைகள் இருக்கின்றனவே!

இன்னொரு சாரார் நினைவின் பெயரால் பேசினர். தாயுடன் ஏறிய சவாரி, மறைந்துபோன தந்தை மடியில் வைத்திருந்த சவாரி, முதன்முறை பயத்தை வென்ற இடம் என அவர்கள் எழுதினர். தாம் அடிமை முறையையோ 1946ஆம் ஆண்டுப் படத்தையோ ஒருபோதும் நினைத்ததில்லை என்றனர். அவர்கள் பொய் கூறவில்லை. அதேவேளை, ஒருவருக்கு இனிய நினைவாயிருப்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு உறுத்தலாயிருக்கலாம் என்பதை அறியாதிருக்கும் வசதியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தனியார் நிறுவனமொன்றின் சொத்தின்மீது மக்களுக்கு என்ன உரிமை என்ற வினாவும் இதில் அடங்கியுள்ளது. சட்டப்படி எதுவுமில்லை. ஆனால் 'உங்கள் பிள்ளைப் பருவம் இங்கே பத்திரமாக உள்ளது' என்று பல தசாப்தங்களாக விளம்பரம் செய்து நுழைவுச்சீட்டு விற்ற நிறுவனம், மக்கள் அதனை நம்பிவிட்டார்கள் என முறையிட முடியாதல்லவா?

நிறுவனத்தின் நோக்கம் தூய மனச்சாட்சி மட்டுமே என நாம் கருதவில்லை. பூங்காச் சவாரியென்பது தனித்து வருமானம் தருவதன்று. வெளியேறும் வழியிலுள்ள கடையில் விற்கும் பொம்மை, உடை, திரைப்படம் ஆகியவற்றுடன் சேர்ந்ததே கணக்கு. பார்க்கவே முடியாத படத்தின் முயல் பொம்மையைவிட, எந்நேரமும் பார்க்கக்கூடிய படத்தின் இளவரசி உடை அதிகம் விற்கும். மலை, கால்வாய், நீரிறைக்கும் பொறி ஆகியவை அப்படியே இருக்க, உட்காட்சிகளை மட்டும் மாற்றுவது புதிதாகக் கட்டுவதைவிட எளிது. நீதியும் இலாபமும் ஒரே திசையில் கைகாட்டியபோது நிறுவனம் அத்திசையில் நடந்தது. எதிர்த்திசைகளில் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு, 1989 முதல் 2020 வரையிலான மௌனமே சாட்சி.

புளோரிடாவில் 2023 ஜனவரியிலும், கலிபோர்னியாவில் அதே ஆண்டு மே மாத இறுதியிலும் பழைய சவாரிகள் மூடப்பட்டன. 'டியானாவின் பேயூ சாகசம்' எனப் பெயரிடப்பட்ட புதிய சவாரி 2024 ஜூன் 28ஆம் திகதி புளோரிடாவிலும், நவம்பர் 15ஆம் திகதி கலிபோர்னியாவிலும் திறக்கப்பட்டது. பேயூ என்பது லூசியானா மாநிலத்தின் மந்தமாக ஓடும் சதுப்புநில நீரோடைகளைக் குறிக்கும் சொல். இசை விழாவுக்கு வாத்தியக்காரரைத் தேடி டியானாவும் லூயி என்ற முதலையும் சதுப்புக் காட்டுக்குள் செல்ல, பயணிகளும் உடன் செல்கின்றனர். இயந்திரப் பொம்மைகளின் முகபாவங்களும் அசைவுகளும் பழையவற்றைவிடப் பன்மடங்கு நுட்பமானவை என்பதை எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொண்டனர். கலிபோர்னியாவில் அது 1966 முதல் இருந்துவரும் நியூ ஒர்லியன்ஸ் சதுக்கத்துக்கு அயலில் அமைந்தமையால் இடத்துக்கும் பொருத்தமாயிற்று. புளோரிடாவிலோ அது மேற்குப் புறத்து எல்லைப்புறக் காட்சிகளுக்கு நடுவே நிற்கின்றது. அப்பொருத்தம் அங்கே இல்லை.

திறந்த ஆரம்ப வாரங்களில் சவாரி அடிக்கடி பழுதடைந்து நின்றமை எதிர்ப்பாளருக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும் பழுது திருத்தப்படக்கூடியது. கதை சொல்லும் முறையிலுள்ள குறையே பெரிது என்பது எமது கருத்து. பழைய சவாரியில் முயலைத் துரத்தும் பகைவர் இருந்தனர். உச்சிக்கு ஏறும்போது பிணந்தின்னிக் கழுகுகள் மேலிருந்து ஏளனம் செய்தன. வீழ்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. விழுந்த பின்னர் தப்பிவிட்டோம் என்ற களிப்பு இருந்தது. புதியதில் பகைவனே இல்லை. படத்தின் வில்லனான மந்திரவாதி ஃபசிலியர் சேர்க்கப்படவில்லை. தவளையளவுக்குச் சிறிதாக்கப்பட்ட பயணிகளை மீண்டும் பெரிதாக்குவதற்காக ஓடி என்ற மந்திரக் கிழவி செய்யும் வித்தையாக வீழ்ச்சி விளக்கப்படுகின்றது. விருந்துக்கு வாத்தியக்காரர் கிடைப்பார்களா என்பதைத் தவிர வேறு கவலை இல்லாத கதைக்கு 50 அடிப் பள்ளம் எதற்கு? யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற அச்சம், ஒரு துடிப்பான கறுப்பினப் பெண் பாத்திரத்திடமிருந்து அவளது போராட்டத்தையே பறித்துவிட்டது. மூலப்படத்தில் அவள் இரண்டு வேலை பார்த்து, காசு சேர்த்து, ஏமாற்றப்பட்டு, மீண்டெழுந்தவள். சவாரியிலோ வெற்றிபெற்ற முதலாளியாக வரவேற்புக் கூறுகின்றாள்.

இதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்றுண்டு. அடிமைத்தனத்தை இனிமையாகக் காட்டிய திரைப்படத்தை அகற்றுவதாகக் கூறி, அந்த அடிமைகளே படைத்துக் காத்துவந்த முயலும் சேர்த்து வெளியேற்றப்பட்டது. திரைப்படத்தின் சட்டகம் வேறு, கதை வேறு. லெஸ்டர் 1987இல் செய்ததைப் பூங்காவும் செய்திருக்கலாம். இக்கதைகள் எவருடையவை, எங்கிருந்து வந்தவை என்பதைச் சொல்லி, அம்மக்களின் வழித்தோன்றல்களான கலைஞர்களைக் கொண்டே மீளச் சொல்லியிருக்கலாம். ஆனால் வணிக நிறுவனமொன்றிடம் இதனை எதிர்பார்ப்பது பேராசையாகவும் இருக்கலாம். வெட்கப்பட வேண்டியதை விளக்குவதைவிட மூடிவிடுவது அதற்குச் செலவு குறைந்த வழி. நூதனசாலை செய்ய வேண்டிய வேலையைக் களியாட்டப் பூங்காவிடம் ஒப்படைத்திருக்கும் சமூகத்தையும் சற்றே நோக வேண்டியுள்ளது.

சவாரியொன்று நீக்கப்பட்டு ரசிகர்கள் கொதித்தெழுவது டிஸ்னிக்குப் புதிதன்று. 1998 செப்டெம்பரில் புளோரிடாவில் 'தேரையாரின் தறிகெட்ட சவாரி' மூடப்பட்டபோது, ரசிகர்கள் பச்சைச் சட்டையணிந்து பூங்காவுக்குள்ளேயே அமைதிப் போராட்டம் நடத்தினர். பயன் கிட்டவில்லை. அவ்விடத்தில் 1999இல் வின்னி கரடியின் சவாரி திறக்கப்பட்டது. உள்ளே ஒரு சுவரில், தேரையார் தம் வீட்டு உறுதிப்பத்திரத்தை ஆந்தையிடம் கையளிப்பது போன்ற சிறிய ஓவியம் மட்டும் மாட்டப்பட்டது. 2025 ஜூலையில் அதே பூங்காவின் 'அமெரிக்காவின் நதிகள்' என்ற நீர்நிலையும் டொம் சோயர் தீவும் கார் சித்திரப்படத்தின் புதிய பகுதிக்காக மூடப்பட்டன. அங்கு நிறவெறிக் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அதே கண்ணீர், அதே மனுக்கள்.

டோக்கியோவில் மட்டும் ஸ்பிளாஷ் மவுண்டன் தொடர்ந்து இயங்குகின்றது. அப்பூங்கா, அனுமதிப்பத்திர அடிப்படையில் ஒரியண்டல் லாண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கு முயலண்ணன் ஜப்பானிய மொழியில் பேசுகின்றது. முட்பற்றைக்குள் எறியப்படும் அதன் கதைக்கும் ஜோர்ஜியாவின் பருத்தித் தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பு அங்கு வருவோரை வருத்துவதாகத் தெரியவில்லை. ஹரிஸின் நூல்களோ பதிப்புரிமைக் காலம் கடந்து நெடுநாளாக எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. 'தெற்கின் பாடல்' திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அமெரிக்காவில் இன்றுள்ள சட்டத்தின்படி 2041ஆம் ஆண்டின் இறுதியுடன் காலாவதியாகும். 2042 ஜனவரி முதலாம் திகதி முதல் அதனைத் திரையிடவோ, திருத்தவோ, மீளச் சொல்லவோ டிஸ்னியின் அனுமதி எவருக்கும் தேவைப்படாது.